48 மடையும் 49 குறியீடும்

எங்கள் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கு மடை 48. நாரைகூட ஒரே மூச்சில் தாண்டாது என்பதால் ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். 2018-இல் எங்கள் மாவட்டமான இராமநாதபுரத்தை ‘முன்னேற விழையும் மாவட்டம்’ பட்டியலில் சேர்த்த நிதி ஆயோக், வளர்ச்சியை அளக்க 49 குறியீடுகள் வைத்தது. மடையைவிட ஒன்று கூடுதல். நாரைக்கு இன்னும் சிரமம்.

மகளிர் குழுக்களுக்கும் எண் உண்டு. ஊரக வாழ்வாதார இயக்கம் சொல்வது ஐந்து சூத்திரம்: கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடனைத் திருப்பிக் கட்டுவது, கணக்கேடு. முதல் நான்கையும் நம் அக்காமார் தூக்கத்தில்கூடச் செய்வார்கள். பயிற்சி என்று கூப்பிட்டால் பேச்செல்லாம் ஐந்தாவதைப் பற்றித்தான். நோட்டு, பேனா, பதினோரு மணிக்கு டீ, வடை, கையெழுத்து, போட்டோ. வடை ஆறினாலும் பரவாயில்லை, போட்டோவில் பேனர் முழுசாகத் தெரிய வேண்டும்.

இப்படிப் பயிற்சி நடத்த மத்திய அரசின் மானியம் வாங்கிய நிறுவனமோ, நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று தரவேண்டும். இலக்கும் செலவும் பொருந்தினால் வறுமைக்கும் விடுதலை, ஆடிட்டருக்கும் விடுதலை.

கண்மாய்க்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மடையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் போகிறதா என்பதுதான் அதன் அறிக்கை. அதில் யாரும் முன்தேதி போட முடியாது.