ஆள் எழாமல் எஞ்சின் எழும் முறை: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

படகின் பின்பலகையில் மாட்டிய எஞ்சினை நீரைவிட்டு மேலே தூக்க வேண்டும். யார் தூக்குவது? வெளிப்புற எஞ்சின் என்றொரு பொருள் உண்டான நாள்தொட்டு நிலவும் இந்த வினாவுக்கு, ‘நான் இல்லை’ என்பதே எல்லாக் கரைகளிலும் கிடைத்துவரும் விடை. அந்த விடைக்கு எண்ணெயும் பிஸ்டனும் கொடுத்து நிலைநிறுத்தியதே ஹைட்ராலிக் டில்ட்-டிரிம் அமைப்பு. இதைப் பற்றிக் கம்பெனிக் கையேடுகள் இருக்கின்றன. பழுது பார்ப்பவர்களின் வசைமொழிகள் இருக்கின்றன. அறிஞர் உலகம்தான் வாய் திறக்கவில்லை. தமிழாய்வில் இவ்வாறு விழுந்துகிடக்கும் பெரும் பள்ளத்தைத் தூர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் வருமாறு: எஞ்சினைத் தூக்குவதில் ‘யார்’ என்ற வினா ஒன்று, ‘எவ்வளவு’ என்ற வினா மற்றொன்று. முன்னதை இவ்வமைப்பு தீர்த்துவிட்டது. பின்னதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. துடுப்பு வலிக்கும் தோணி, பாய் விரிக்கும் கட்டுமரம், வயிற்றுக்குள் எஞ்சின் வைத்த விசைப்படகு ஆகியவை ஆய்வெல்லைக்கு வெளியே நிற்பவை. அவற்றின் உரிமையாளர்கள் வருந்த வேண்டாம்.

2. முன்னோர் நிலை

அமெரிக்காவின் கேமரன் வாட்டர்மன் 1907-இல் வெளிப்புற எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் தமது எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் மனைவியான பெஸ்ஸுக்காக ஏரியைக் கடந்து துடுப்புப் போட்டுப் போய் ஐஸ்கிரீம் வாங்கினார், திரும்புவதற்குள் அது உருகிவிட்டது, அதனால் எஞ்சின் பிறந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இக்கதையால் பெறப்படுவது யாது எனின், உருகுவதற்கு முன் போய்ச்சேர வேண்டும் என்ற கவலையே படகுப் பொறியியலின் தோற்றுவாய் என்பதாம்.

அந்த முதல் எஞ்சினின் எடை 62 ராத்தல், விலை 62 டாலர், திறன் ஒன்றரைக் குதிரை. ராத்தலுக்கு ஒரு டாலர் என்று நிறுத்து விற்ற அந்த அறம் நிற்க. 62 ராத்தல் என்பது 28 கிலோ. இதை ஒருவரே தூக்கலாம். முனகலாமே தவிர மறுக்க முடியாது. ‘யார்’ என்ற வினா அன்று அவ்வளவாகச் சூடுபிடிக்காததற்கு இதுவே காரணம். 2021-இல் மெர்குரி நிறுவனம் வெளியிட்ட பன்னிரண்டு சிலிண்டர், 600 குதிரைத்திறன் வெராடோ எஞ்சினின் எடையோ 570 கிலோவுக்கு மேல். இதைக் கையால் தூக்கச் சொல்லும் முதலாளிக்கு ஆள் நிற்காது.

எடைக்கு மருந்து அதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1663-இல் வெளிவந்தது. அதை வைத்து ஜோசப் பிரமா 1795-இல் ஹைட்ராலிக் அழுத்துபொறிக்குக் காப்புரிமை பெற்றார். கணக்கு எளிது. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால் 1,250 கிலோ விசை கிடைக்கும். இத்தனையும் ஒரு சிறு பம்பின் தயவு. முதுகுவலி இல்லை, முனகல் இல்லை, மறுநாள் விடுப்பும் இல்லை.

3. களஆய்வு

ஹைட்ராலிக் எண்ணெய் எட்டாத கரைகளில் நிலைமை என்ன? குமரிக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைத்திறன் எஞ்சினோடு வள்ளம் கரைபிடிக்கும் காட்சி ஆய்வாளர்களுக்குப் பாடநூல். அலை மடியும் இடம் நெருங்கும்வரை எஞ்சின் தண்ணீருக்குள் இருந்தாக வேண்டும். முன்னதாகத் தூக்கினால் வேகம் செத்து, பின்னால் வரும் அலை வள்ளத்தைக் குறுக்கே புரட்டிவிடும். பிந்தினால் எஞ்சினின் அடித்தகடு மணலை உழும், புரொப்பெல்லர் கல்லில் மோதும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம். பின்னால் இருப்பவர் எரிபொருளைக் குறைத்து, எஞ்சின் மூடியின் பின்விளிம்பைப் பிடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துத் தன் பக்கம் இழுக்கிறார். கொக்கி ‘கடக்’ என்று விழுகிறது. புரொப்பெல்லர் வெயிலில் சொட்டச் சொட்டச் சுற்றி நிற்கிறது. இதற்குள் கரையிலிருந்து பத்துக் குரல்கள் ‘எஞ்சின பொக்குலேய்!’ என்று கத்தி முடித்திருக்கும். தூக்குபவர் ஒருவர், தூக்கச் சொல்பவர் பலர் என்ற இந்த விகிதம் பிற துறைகளுக்கும் பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது.

சோழமண்டலக் கரையின் ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டு கொண்ட டீசல் எஞ்சின் உண்டு. அங்கே கைப்பிடியை அமுக்கினால் தண்டின் மறுமுனை புரொப்பெல்லரோடு மேலெழும். பம்ப் இல்லை, வால்வு இல்லை. ஆளே சிலிண்டர், அவர் தோளே பிஸ்டன். கசிவு என்பது வியர்வை மட்டுமே.

4. உறுப்பியல்

இனி இலக்கணம். சூத்திரம் கட்டுரையாளருடையதே; ஏடுகளில் தேட வேண்டாம்.

டிரிம்மெனப் படுவது ஓட்டத்துச் சாய்வே;
டில்ட்டெனப் படுவது ஓய்வினில் எழுச்சி;
இரண்டும் வழங்கும் எண்ணெய் ஒன்றே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஓர் எஞ்சினுக்குரிய இருவகை அசைவை உணர்த்துதல் நுதலிற்று. படகு ஓடும்போது எஞ்சின் பின்பலகையோடு கொள்ளும் சிறு சாய்வு டிரிம். பெரும்பாலான எஞ்சின்களில் இது ஏறத்தாழ 20 பாகை. அதைக் கடந்து, ஆழமற்ற நீரிலும் கரையிலும் 70 பாகை வரை எஞ்சினைத் தூக்கி நிறுத்துவது டில்ட்.

‘எண்ணெய் ஒன்றே’ என்றதனால் பம்பும் ஒன்றே என்க. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு மின்மோட்டார் இருபுறமும் சுற்ற வல்லது. ஒரு ரிலே ஒரு திசைக்கு, மற்றொன்று எதிர்த்திசைக்கு. மோட்டார் சுற்றும் திசையைப் பொறுத்து கியர் பம்ப் எண்ணெயைப் பிஸ்டனின் அடிக்கோ தலைக்கோ தள்ளும். பெரிய எஞ்சின்களில் டிரிம்முக்கு இரண்டு குட்டைத் தண்டுகள், டில்ட்டுக்கு நடுவில் ஒரு நெட்டைத் தண்டு. குட்டைத் தண்டுகள் எஞ்சினோடு பிணைக்கப்பட்டவை அல்ல. தொட்டுத் தள்ளுவதோடு அவற்றின் உறவு முடிந்தது. எல்லை வந்ததும் அவை நின்றுவிட, எஞ்சிய வழியை நெட்டைத் தண்டு தனியே ஏறும். பம்பின் எண்ணெய் முழுதும் ஒரே சிலிண்டருக்குப் போவதால் ஏற்றம் அங்கிருந்து வேகமெடுக்கும். பொறுப்பைப் பகிர்ந்தால் வேலை மெதுவாகும் என்ற அலுவலக உண்மைக்கு இங்கே பௌதிகச் சான்று கிடைக்கிறது.

வியக்கத்தக்க உறுப்பு நெட்டைத் தண்டின் சிலிண்டருக்குள் ஒளிந்திருக்கிறது. ஓடும் படகின் எஞ்சின் நீரில் மூழ்கிய மரக்கட்டையில் மோதினால், பிஸ்டனில் உள்ள அதிர்ச்சி வால்வுகள் திறந்து எண்ணெயை வழிய விடும். எஞ்சின் பின்னோக்கித் துள்ளி எழுந்து கட்டையைத் தாண்டும். அப்போது பிஸ்டனோடு சேர்ந்து எழாமல், எதனோடும் ஒட்டாத இன்னொரு குட்டிப் பிஸ்டன் பழைய இடத்திலேயே அமர்ந்திருக்கும். அடி ஓய்ந்ததும் எஞ்சின் இறங்கிவந்து அதன்மேல் அமரும். முன்பிருந்த சாய்வு அப்படியே திரும்பக் கிடைக்கும். சண்டைக்குப் பின் எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் எல்லாக் குடும்பத்துக்கும் தேவை என்பதைப் பொறியாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

5. விரலியல்

மேலெனின் மேலே, கீழெனின் கீழே;
எவ்வள வென்றல் விரலின் கடனே.

எரிபொருள் நெம்புகோலின் பிடியில், கட்டைவிரல் இயல்பாகப் படியும் இடத்தில் பொத்தான் அமைந்திருக்கும். கரையில் நிற்பவருக்கென்று எஞ்சின் மூடியின் பக்கவாட்டிலும் ஒன்று இருப்பதுண்டு. அளவுகாட்டும் முள் ஒன்று பலகையில் ஆடும். ஆயினும் விரல்கள் மூவகைப்படும்.

முதலாவது, அஞ்சும் விரல். எஞ்சினைக் கடைசிவரை உள்ளுக்கு இழுத்து வைத்து, அங்கேயே விட்டுவிடும். புறப்படும்போது இதுவே சரி. முன்முனையாகிய அணியம் தாழ்ந்து, படகு சீக்கிரம் நீரின்மேல் ஏறி ஓடத் தொடங்கும். ஏறிய பிறகும் அப்படியே வைத்திருந்தால் அணியம் நீரைக் கிழித்துக்கொண்டு போகும், சுக்கான் ஒரு பக்கமாக இழுக்கும், எரிபொருள் கரையும். ஓட்டுபவர் இதைப் பாதுகாப்பு என்பார்.

இரண்டாவது, அவசர விரல். அணியம் எழ எழ வேகம் கூடுவதைக் கண்டு மேலும் மேலும் அமுக்கும். எல்லை கடந்ததும் படகு, ராகம் புரியாமலே முன்வரிசையில் தலையாட்டும் கச்சேரி ரசிகரைப் போல ஏறி இறங்கத் தொடங்கும். இன்னும் அமுக்கினால் புரொப்பெல்லர் மேற்பரப்பின் காற்றை உறிஞ்சும். எஞ்சின் அலறும், வேகம் குறையும். கரையில் நிற்பவர்கள் அந்த அலறலைக் கேட்டு ‘என்னா ஸ்பீடு!’ என்று வியப்பார்கள். எஞ்சினைக் குளிர்விக்க நீர் எடுக்கும் துளையும் வெளியே வந்துவிட்டால், பக்கவாட்டில் பீய்ச்சும் நீர்த்தாரை நின்றுபோகும். பிறகு வியப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, அறிந்த விரல். படகு ஏறி ஓடத் தொடங்கியதும் தட்டித் தட்டி வெளித்தள்ளும். நெம்புகோலைத் தொடாமலே எஞ்சினின் சுருதி சற்று ஏறும். சுக்கானின் இழுப்பு தளர்ந்து, இரண்டு விரலில் நிற்கும். அணியத்தின் அடியிலிருந்து நீர் சிதறும் இடம் பின்னோக்கி நகரும். எங்கே புரொப்பெல்லரின் பிடி வழுக்கத் தொடங்குகிறதோ அங்கிருந்து ஒரு தட்டுக் கீழே. எதிர்அலை வந்தால் இன்னும் இரண்டு தட்டு. முள்ளை இவ்விரல் பார்ப்பதில்லை. ஐஸ் பெட்டி முன்னாலா பின்னாலா, ஏறியிருப்பவர்கள் எத்தனை பேர், காற்று எங்கிருந்து என்பதெல்லாம் முள்ளுக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரியும்.

6. தடையும் விடையும்

‘அற்றேல், தானே டிரிம் செய்துகொள்ளும் கருவிகள் வந்துவிட்டனவே, விரல் எதற்கு?’ எனின், வந்துவிட்டன, உண்மை. மெர்குரியின் அத்தகைய கருவி ஜிபிஎஸ் வேகத்தையும் எஞ்சின் சுழற்சியையும் பார்த்துச் சாய்வை மாற்றும். ஆனால் அதிலும் ஐந்து வகை அமைப்புகளுள் தம் படகுக்கு ஏற்றதை உரிமையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பழைய பொத்தானை அமுக்கி மீறவும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு ‘எவ்வளவு’ போய் ஐந்து ‘எது’க்கள் வந்தன என்பதே இதனால் போந்த பயன்.

‘பேட்டரி இறந்தால்?’ எனின், எஞ்சினைப் பிடித்திருக்கும் பிடியின் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. அதை இடப்புறமாகத் திருகினால் எண்ணெய் தன் வழியே ஓடும்; எஞ்சினைக் கையால் தூக்கலாம். திரும்ப இறுக்க மறந்தால் பின்னோக்கி ஓட்டும்போது எஞ்சின் தானாக எழும். பாஸ்கல் முதல் பிரமா வரை அனைவரையும் கடைசியில் ஒரு திருப்புளி வெல்கிறது.

‘எண்ணெயே தாங்கும்போது தாங்குகொக்கி எதற்கு?’ எனின், சீல் தேய்ந்தால் அழுத்தம் மெல்ல இறங்கும், எஞ்சினும் கூடவே இறங்கும். எண்ணெய் பார்க்க மூடியைத் திறக்கும்போது முழுதாகத் தூக்கிக் கொக்கியிட்ட பிறகே கை வைக்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள், சீலை மாற்றுக.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்பட்டவை மூன்று. ஒன்று, ‘யார் தூக்குவது’ என்ற வினா பேட்டரி உயிரோடிருக்கும்வரை தீர்ந்தது. இரண்டு, அது இறந்த கணமே அவ்வினா எஞ்சினுக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பவரைத் தேடிவரும். ஆதலால் படகில் ஏறும்போதே அணியத்துப் பக்கம் இடம்பிடிப்பது அறிவுடைமை. மூன்று, ‘எவ்வளவு’ என்பதற்கு விடை சிலிண்டரில் இல்லை, ஓட்டுபவரின் காதிலும் விரலிலும் இருக்கிறது. அதை நிரப்பித் தரும் தொழிற்சாலை எதுவும் இல்லை. எனவே படகு வாங்குவோர் எஞ்சினின் குதிரைகளை எண்ணுவதற்கு முன், அதை ஓட்டப்போகிறவரின் கட்டைவிரலைப் பார்த்துச் சம்பளம் பேசுமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.