மழைக்கு முன்னே ஒரு தெருக்கூட்டம்

வடகிழக்குப் பருவமழையை எதிர்கொள்வது பற்றி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்.

கடல் எங்கோ இருக்கிறது. புயல் எங்களை என்ன செய்துவிடும்?
*- ஆவடி வாசகர்*

2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆவடியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்! ஆனால் அந்தப் புயலால் ஆவடியில் ஒரே நாளில் 28 செ.மீ. மழை கொட்டியது. புயல் எங்கே கரை கடக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். மழை எங்கே நின்று பெய்யப்போகிறது என்பதையும் கேளுங்கள்.

28 செ.மீ. என்றால் எவ்வளவு தண்ணீர்? மனதில் பதியவில்லையே.
*- கொரட்டூர் மாணவி*

ஒரு கிரவுண்ட் மனையில் மட்டும் சுமார் 62,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஐந்தைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் திறந்துவிட்ட கணக்கு. தெருவில் எத்தனை மனையோ அத்தனையால் பெருக்குங்கள். அவ்வளவும் தேடிப் போவது தெருமுனை மழைநீர் வடிகாலின் வாயைத்தான். அதை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் பையை எடுக்கச் சரியான மாதம் செப்டம்பர்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. எந்த நிற எச்சரிக்கைக்குப் பயப்பட வேண்டும்?
*- திருமுல்லைவாயில் வாசகர்*

எதற்கும் வேண்டாம். மஞ்சள் என்றால் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். வானிலை ஆய்வு மையம் "அதி கனமழை" என்று சொன்னால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் என்று பொருள். அதைக் கேட்ட பிறகு கீழ்த்தளத்தில் நிற்கும் வண்டிக்கு வேறு இடம் தேடுவதில் தாமதம் கூடாது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு நாலு பேர்தான் வருகிறார்கள். என்ன செய்வது?
*- அயப்பாக்கம் வாசகர்*

நாலு பேரே போதும், ஆளுக்கொரு பொறுப்பு.

முதல் ஆளுக்கு வடிகால். தெருவில் எத்தனை வாய் இருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று பார்த்து, புகார் எண்ணோடு குறித்து வைக்கட்டும்.

இரண்டாம் ஆளுக்கு மின்சாரம். பில்லர் பாக்ஸ் எது தாழ்வாக இருக்கிறது, தண்ணீர் ஏறினால் யாருக்குச் சொல்வது என்பது அவர் பாடு.

மூன்றாம் ஆளுக்கு மனிதர்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் கருவியோடு இருப்பவர்கள் யார் யார், எந்த வீடு என்று ஒரு தாளில் எழுதட்டும். மிக்ஜாமின்போது மின்சாரமும் போய், பல இடங்களில் செல்போன் சிக்னலும் போனது. ஆகவே பட்டியல் போனில் இருந்தால் போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும்.

நாலாம் ஆளுக்கு மாடி. எந்தக் கீழ்வீட்டார் எந்த மாடிவீட்டில் போய் இருப்பது என்று இப்போதே பேசி முடிக்கட்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அழைப்புமணியை அழுத்தக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தக் கூச்சத்தை முன்னாலேயே போக்கிவிட வேண்டும்.

தரைத்தள வாடகை வீடு. எதை முதலில் காப்பாற்றுவது?
*- பட்டாபிராம் வாசகி*

உயிர், மருந்து, ஆவணம். இந்த வரிசை மாறவே கூடாது. ஒரு வாரத்துக்கான மாத்திரை, ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை உயரத்தில் வையுங்கள். தண்ணீர் பிளக் பாயின்ட்டை நெருங்கும் முன்பே, கை உலர்ந்திருக்கும்போதே, மெயினை அணைத்துவிடுங்கள். குடிதண்ணீரையும் முன்கூட்டியே பிடித்து வையுங்கள். சம்ப்பில் வெள்ளம் புகுந்துவிட்டால் அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது.
*- பூந்தமல்லி வாசகி*

2015 டிசம்பர் முதல் தேதியை நினைத்தால் யாருக்கும் படபடக்கும். அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் வெளியேறியது. ஆனால் அந்த உபரிநீர் போகும் வழி அடையாறு. அதன் கரையோரத்தார் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி அது. திருவேற்காடு, நொளம்பூர், மதுரவாயல் பக்கத்தார் கவனிக்க வேண்டியது கூவம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும். உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் படபடப்பு அடங்கிவிடும். மீதிக்கு மருந்து, தேதி இல்லாத வீடியோவை யாருக்கும் அனுப்பாமல் இருப்பது.

எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?
*- அம்பத்தூர் வாசகர்*

மிக்ஜாம் வெள்ளத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை பட்ட பாடு உங்களுக்கே தெரியும். மோட்டார்களை மேடையில் ஏற்றுங்கள், சரக்கைத் தரையில் வைக்காதீர்கள், காப்பீட்டில் வெள்ளச் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. பட்டறையை ஒட்டிய அறைகளில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்குத் தமிழ் எச்சரிக்கை புரியாது. அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தெருப் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

வர்தா புயல் மாதிரி ஒன்று வந்தால்? வாசல் மரத்தை இப்போதே வெட்டிவிடலாமா?
*- முகப்பேர் வாசகர்*

வெட்டாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவில் சென்னை இழந்த மரங்களே ஆயிரக்கணக்கில். பாரம் மிகுந்த கிளைகளை மாநகராட்சியிடம் சொல்லிக் கழித்துவிடுங்கள். அடிமரத்தைச் சுற்றிப் போட்ட சிமென்டை உடைத்து, வேர் பிடிக்க மண் விடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது? ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.
*- திருநின்றவூர் வாசகர்*

அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம், எண் 1913. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. ஆவடி, பூந்தமல்லி, உங்கள் ஊர் எல்லாமே திருவள்ளூர் மாவட்டம்; மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. ஆம்புலன்ஸ் 108. சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை?
*- பருத்திப்பட்டு வாசகி*

அறுந்து கிடக்கும் கம்பியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் வழி அது. காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியதை எல்லாம் எங்கள் தலையில் கட்டுகிறீர்களே?
*- திருவேற்காடு வாசகர்*

கால்வாயைத் தூர்வாருவதும், ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதும், வடிகாலை ஒன்றோடொன்று இணைப்பதும் அரசின் கடமை. அதில் ஒரு கல்லைக்கூட நீங்கள் சுமக்க வேண்டாம். பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள், எழுதிக் கொடுங்கள், பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். ஆனால் நள்ளிரவில் தண்ணீர் படியேறும்போது படகு வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம். எதிர்வீட்டார் வர ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமையே தெருக்கூட்டத்தைக் கூட்டுங்கள்.