184 நாள் மாப்பிள்ளை

தூத்துக்குடிக் கப்பல்காரர்களுக்குத் தனிப் பஞ்சாங்கம் ஒன்று உண்டு. அதில் வருஷம் ஏப்ரல் முதல் தேதி பிறக்கும். ராகு காலம், எமகண்டம் கிடையாது. ஒரே ஒரு கண்டம், 182. நிதியாண்டில் அத்தனை நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், பனாமாக் கொடிக் கப்பலில் சம்பாதித்த டாலருக்கும் இங்கே வரி. 181-ல் நிறுத்திக்கொண்டால் வெளிநாடுவாழ் இந்தியர். கப்பல் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆக, 184 நாள் வெளியே கிடக்க வேண்டும். 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் போய் 2025-ஆம் வருஷத்துச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் பலவும் மாறின. 182 மட்டும் நகரவில்லை.

நம் மாப்பிள்ளை ஒரு தேர்ட் இன்ஜினியர். ஊருக்கு வந்திருக்கும்போது, "எப்ப வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "சனிக்கிழமை" என்று சொல்ல மாட்டார். "இன்னும் 63 நாள் இருக்கு" என்பார். தங்கச்சி கல்யாணத்துக்குப் பங்குச்சாமியார் ஓலை வாசிக்கத் தேதி கேட்டபோது, "ஆடிட்டரைக் கேட்டுச் சொல்லுதேன் சாமி" என்றவர் இவர்தான்.

மனைவி ஊரிலேயே பள்ளி ஆசிரியை. சம்பளத்துக்கான வரிச் சான்றிதழ் வந்தால் அரை மணி நேரத்தில் அவர் கணக்கு முடிந்துவிடும். இரண்டு நாட்டில் வேலை பார்க்கும் தம்பதி என்று நாம் சொல்கிறோம். மனைவியின் நாடு தெரிகிறது, கணவரின் நாடு எது? கம்பெனி சிங்கப்பூர். கொடி மார்ஷல் தீவுகள். கேப்டன் உக்ரைன்காரர். ஏற்றியிருப்பது பிரேசில் சர்க்கரை. அவரைக் கேட்டால் "இப்ப அட்லாண்டிக்ல" என்பார். அட்லாண்டிக்கோடு இந்தியாவுக்கு இரட்டை வரி ஒப்பந்தம் இல்லை.

அமெரிக்காவில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படிவத்தில் கணக்குக் காட்டலாம். இங்கே அவரவர் பான் கார்டு, அவரவர் பாவம். கோவாக்காரர்களுக்கு ஒரு சலுகை: 1867-ஆம் வருஷத்துப் போர்த்துகீசிய சிவில் சட்டத்தின் புண்ணியத்தில், சம்பளம் தவிர்த்த வருமானத்தைத் தம்பதி பாதிப் பாதியாகக் காட்டிக்கொள்ளலாம். போர்த்துகீசியர் இந்த முத்துக்குளித்துறைக்கும் வந்தவர்கள்தான். 1530-களில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்; பெர்னாண்டோ, மச்சாடோ என்று பேரும் கொடுத்தார்கள். சட்டம் கொடுப்பதற்குள் 1658-ல் டச்சுக்காரன் வந்து விரட்டிவிட்டான். வரலாறு நமக்கு இப்படித்தான் ஆகாத நேரத்தில் திரும்பும்.

தம்பதியைச் சேர்த்துப் பார்க்க மாட்டேன் என்கிற அதே சட்டம், தனக்கு லாபம் என்றால் சேர்த்துவைக்கும். மாப்பிள்ளை ஆசையாக மனைவி பேரில் பிக்சட் டெபாசிட் போட்டார். பணம் கொடுத்ததற்கு வரி இல்லை. ஆனால் அதன் வட்டி, கொடுத்த புருஷனின் வருமானத்தில்தான் சேரும். அதே பணம் வெளிநாடுவாழ் இந்தியருக்கான அவருடைய என்.ஆர்.இ. கணக்கிலேயே இருந்திருந்தால் வட்டிக்கு வரியே இல்லை. இதைக் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டவன் மச்சான், ஆசிரியையின் தம்பி, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். முத்துக் குளித்த காலத்தில், மூழ்குகிறவனின் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். அக்கா தாலியை அவன்தான் கவனமாகப் பார்ப்பானாம். 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றது. மைத்துனனுக்கு வேலை நிற்கவில்லை.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வீட்டில் இருப்பவருக்குச் செப்டம்பர் 28 கடைசி நாள், அதுவும் மார்ச் முடியும்வரை திரும்பி வராமல் இருந்தால். ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியை கேட்டுவிட்டார்: "எப்பங்க கெளம்புதீங்க?"

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏளா, புள்ள சட்டையில கப்ப வாடை இன்னும் போவல. அதுக்குள்ள கெளம்பச் சொல்லுதியா?"

"நான் சொல்லலத்தே, சர்க்கார் சொல்லுது."

மச்சான் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "28-க்கு டிக்கெட் போட்ருங்கத்தான். 29 விடிஞ்சா முப்பது பெர்சென்ட்" என்றான்.

"அப்பம் கிறிஸ்மஸுக்கு?"

"அதை அடுத்த நிதியாண்டுல பாத்துக்கிடலாம் அத்தே."

ஒரு தடவை இந்தோனேசிய நிலக்கரியோடு மாப்பிள்ளையின் கப்பல் நம் வ.உ.சி. துறைமுகத்துக்கே வந்துவிட்டது. ஷோர் பாஸ் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். அம்மா நண்டுக் குழம்பு ஊற்ற, அவர் பிசைந்துகொண்டிருக்க, மச்சான் மொபைலில் நாள் கூட்டிக்கொண்டிருந்தான். 2015-ல் ஒரு விதி வந்தது: வெளிநாட்டுப் பயணக் கப்பலில், கப்பல்காரரின் பணிப் பதிவேடான சிடிசியில் பதிவான சைன் ஆன் தேதியிலிருந்து சைன் ஆஃப் தேதிவரை உள்ள நாட்கள் இந்தியாவில் தங்கியதாகக் கணக்கில் வராது. மாப்பிள்ளை இன்னும் சைன் ஆஃப் ஆகவில்லை. "அதனால அத்தான் இப்ப இந்தியாவுல இல்ல" என்று தீர்ப்புச் சொன்னான். இந்தியாவில் இல்லாதவர் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

வரிக்கணக்குக்கு ஜூலை 31 கெடு வைத்தவருக்குத் தூத்துக்குடி தெரியாது. ஜூலை 26 பனிமய மாதாவுக்குக் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. ஊரே கோயில் வாசலில் நிற்க, இவர் மட்டும் மக்ரூன் டப்பாவோடு ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் நிற்பார். மனைவி போடும் ஐடிஆர்-1 இவருக்குச் செல்லாது, ஐடிஆர்-2 வேண்டும். பாஸ்போர்ட் இருக்கும், சிடிசி இருக்கும், காண்ட்ராக்ட் நகல் மட்டும் கப்பலிலேயே இருக்கும். அந்தக் கப்பல் அப்போது சிலி நாட்டுக் கரையில் இருக்கும்.

கப்பல்காரருக்குப் பெண் கொடுக்க இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் எவ்வளவு என்று பிறகு கேளுங்கள். சிடிசியின் சைன் ஆன், சைன் ஆஃப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறாரா, சம்பளம் என்.ஆர்.இ. கணக்குக்குத்தான் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். 2017-ஆம் வருஷத்து வரித்துறைச் சுற்றறிக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கு அந்தக் கணக்கில் வருகிற கப்பல் சம்பளத்துக்கு வரி இல்லை என்றுதான் சொல்கிறது. கல்யாணத் தேதியைச் சாமியாரோடு மச்சானிடமும் காட்டிவிடுங்கள். 2027-28 நிதியாண்டில் வைப்பதானால் இன்னும் கவனம்: 2028 பிப்ரவரிக்கு 29 நாள். அந்த வருஷம் 184 போதாது, 185.