மைக்கின் முதுகில் பேசாதீர்கள்

கே: புது கன்டென்சர் மைக். தொண்டை கிழியக் கத்தினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் பதிவாகிறது. பழுதா?

ப: எந்தப் பக்கம் நின்று கத்தினீர்கள்? மேடை மைக்கில் உச்சியில் பேசுவோம். ஸ்டுடியோ மைக்குகள் பலவற்றுக்குப் பக்கவாட்டில்தான் காது. பெரும்பாலும் கம்பெனி முத்திரை உள்ள பக்கம். கார்டியாய்டு வகையானால், முதுகில் பேசுவதைக் கண்டுகொள்ளாது. சுவரில் பட்டுத் திரும்புவதைத்தான் எடுக்கும். கிணறு அங்கேதான் இருக்கிறது. திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கே: 48 வோல்ட் பொத்தானைத் தொடவே பயம். போடத்தான் வேண்டுமா?

ப: கன்டென்சர் என்றால் போடுங்கள், இல்லாவிட்டால் வாயே திறக்காது. சாதாரண டைனமிக்குக்கு வேண்டாம். ஷாக் அடிக்காது. ஆனால் போடும்போது ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள்; ‘டொப்’ என்று ஒரு சத்தம் வரும்.

கே: பாட்காஸ்ட்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்களே என்று ஷூர் எஸ்எம்7பி வாங்கினேன். கெயினை முழுக்கத் திருகியும் குரல் எழும்பவில்லை. ‘உஸ்’ மட்டும் நன்றாகக் கேட்கிறது.

ப: அந்த மைக்கின் பிறவிக்குணம் அது. குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். விலை குறைந்த இன்டர்ஃபேஸ்கள் பல அதற்கு முன்பே மூச்சு வாங்கிவிடும். நடுவில் ஒரு ப்ரீஆம்ப் போடலாம், அதற்கும் காசு. காசில்லாத வழி, நாற்காலியை முன்னால் இழுப்பது. தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஓர் அடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் 12. மின்விசிறி மட்டும் அதே இடத்தில்தானே சுற்றுகிறது? அதன் சத்தம் ஏறாது. இதையே மென்பொருளில் ஏற்றினால் விசிறியும் சேர்ந்தே ஏறும். நெருங்கி வந்தால் ‘ப’கரம் வெடிக்கும், மைக்கைச் சற்றே கோணலாக வையுங்கள், அல்லது பாப் ஃபில்டர் மாட்டுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் தொட்டால் போதும். சிவப்பைத் தொட்டால்தான் பதிவு என்பதில்லை.

கே: எக்ஸ்எல்ஆர் மைக்கை 3.5 மி.மீ. ஒயர் மூலம் கேமராவில் செருகினேன். ஹெட்போனில் குரல் இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் ஆளையே காணோம். பேய் வேலையா?

ப: கழித்தல் கணக்கு. எக்ஸ்எல்ஆர் ஒயரில் ஒரே ஒலி ஒருமுறை நேராக, ஒருமுறை தலைகீழாக வரும். சில ஒயர்கள் ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்பிவிடுகின்றன. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது மிச்சம் பூஜ்யம். எடிட்டிங்கில் ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மற்றதை மோனோவாக்குங்கள், ஆள் திரும்பிவிடுவார்.

கே: லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம்.

ப: பிடுங்கினால் நிற்கிறதா? அப்படியானால் பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். எர்த் முள்ளை உடைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால், மைக்கைவிட உயிர் விலை கூடுதல் என்று சொல்லி அனுப்புங்கள்.

கே: சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் தெருச் சத்தம் நிற்குமா?

ப: முட்டை நிற்கும்.