‘கவர்மெண்ட் என்ன பண்றது?’ மாமா

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ காலை வேளையில் நடப்பவர் இவரிடமிருந்து தப்ப முடியாது. பெல்லிலோ ரயில்வேயிலோ வங்கியிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஆங்கிலப் பேப்பர், பேப்பருக்குள் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட ஒரு செய்தி. பேச்சு பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் தொடங்கினாலும், அம்மா மண்டபத்தில் தண்ணீர் வரத்தில் தொடங்கினாலும், முடிவது ஒரே இடத்தில்தான். “குழந்தேள் கையில போனக் குடுத்து சீரழிச்சுட்டா. கவர்மெண்ட் என்னதான் பண்றது, சொல்லும்!” திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் நிற்கிற வரிசையில், இணையத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லும் மனுவோடு நிற்கக்கூடிய ஒரே பிரஜை இவர். ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் சொந்தமானவர் என்றும் நினைத்துவிட வேண்டாம். காவிரிப் பாலம் தாண்டி தில்லைநகர் போனால் இவருக்கு ‘சார்’ என்று பெயர், பொன்மலையில் ‘அண்ணன்’. கேள்வி மாறாது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு இதே மாமாவைப் பார்க்க வேண்டும். எதிரே பேத்தி, நடுவே தயிர் சாதம், எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்த கைப்பேசி. பாட்டு ஓடினால் குழந்தையின் வாய் திறக்கும், விளம்பரம் வந்தால் மூடிக்கொள்ளும். ‘ஸ்கிப்’ அழுத்துவதற்கென்றே மாமா இடது கையை எச்சில் படாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார். கணக்குத் திறக்கக் குறைந்தது பதின்மூன்று வயது வேண்டும் என்று நிறுவனம் கேட்டபோது தன் பிறந்த வருஷமான 1956-ஐக் கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு முழங்கால் வலித் தைலம் விளம்பரமாக வருகிறது. “கண்றாவி! எதை எதையோ காட்டறான். கேக்க ஆளில்லே!”

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் மாமா கேட்பது நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி. திருச்சி மாவட்டம் அடங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் 2019 ஏப்ரல் 3-ல் டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது. குழந்தைகளின் பாதுகாப்பு அதில் ஒரு முக்கியக் காரணம். மாமா அன்று வீதியில் சர்க்கரைப் பொங்கல் விநியோகிக்காத குறைதான். ஏப்ரல் 24-ல் தடை விலகியது. நடுவில் இருந்த மூன்று வாரத்திலும், ஏற்கெனவே செயலியை இறக்கி வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 சீனச் செயலிகளை மொத்தமாக முடக்கியது. காரணம் குழந்தைகள் அல்ல, நாட்டின் பாதுகாப்பு. எப்படியோ டிக்டாக் ஒழிந்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. பெயரைச் சொல்லித் தடுத்தால் பெயர்தான் போகும். விரலால் தள்ளத் தள்ள அடுத்ததைக் கொட்டுகிற இயந்திரம் அப்படியே இருக்கும்.

சரி, தடை வேண்டாம், பெரியவர்களின் சம்மதத்தை வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்பது அடுத்த யோசனை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் சொல்கிறது: பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களின் தகவலைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் தேவை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் வேறு. அவகாசமெல்லாம் முடிந்து சட்டம் யாரிடம் வந்து நிற்கும்? அதே சொம்புக்கு எதிரே, அதே இடது கை விரலிடம். அந்த விரல் இதுவரை எந்த நிபந்தனையைப் படித்துவிட்டு ‘ஒப்புக்கொள்கிறேன்’ அழுத்தியிருக்கிறது? பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தமிழக அரசு 2025-ல் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையவும் தடை. நல்ல விதிதான். ஆனால் தாத்தாவின் ஆதாருக்கு வருகிற ஓடிபி தாத்தாவின் போனுக்கு வரும். தாத்தாவின் போன் யார் கையில் இருக்கிறது என்பதை விதி கேட்பதில்லை. (பிறகு ஆகஸ்டில் மத்திய அரசு அந்த விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது, அது வேறு கதை.)

“அப்படியானால் பொறுப்பு முழுக்கப் பெற்றோருடையது, அரசு ஒதுங்கட்டும்” என்று ஒருவர் எழுந்து நிற்பார். கைப்பேசி நிறுவனங்களுக்கு இதைவிட இனிமையான பாட்டு கிடையாது. பொறுப்பு என்ற சொல் ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் ஒரு எடை, அரியமங்கலத்தில் இன்னொரு எடை. அப்பா லோடு ஆட்டோ, அம்மா ஜவுளிக்கடையில் இரவு ஒன்பதரை வரை நின்றபடி வேலை, வீட்டில் இருப்பது ஒரே போன். அந்தப் போனில்தான் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வரும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, போனைத் தொடாதே என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த பள்ளியே போன் இல்லாமல் பாடம் இல்லை என்றது. அந்தத் தாயிடம் போய், ஆங்கில அமைப்புப் பக்கத்தில் ஏழாவது அடுக்கில் கிடக்கும் ‘பெற்றோர் கட்டுப்பாட்டை’ ஏன் போடவில்லை என்று கேட்பது நியாயமா? மாமாவுக்கு நேரமும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது, அவரைக் கேட்கலாம். ஊருக்கெல்லாம் சேர்த்துச் சட்டம் எழுதும்போது மாமாவை மனத்தில் வைத்து எழுதக் கூடாது.

என் கட்சி இதுதான்: யாருடைய விரலையும் நம்பாத விதியே வேலை செய்யும். மேலே சொன்ன 2023 சட்டத்தின் 9-ஆவது பிரிவிலேயே, ஒப்புதல் பேச்சுக்குச் சற்றுத் தள்ளி, அப்படி ஒன்று இருக்கிறது. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. அரசு சில விலக்குகள் தரலாம்; மற்றபடி பெற்றோர் சரி என்றாலும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். “கணக்கு 1956-ல் பிறந்தவருடையது ஆயிற்றே, எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று நிறுவனம் கையை விரிக்கும். எழுபது வயதுக்காரர் ஒரே வாத்துப் பாட்டை ஒரு நாளில் பதினோரு தடவை கேட்க மாட்டார் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாதா? பார்க்கிற வீடியோக்களை வைத்தே பயனரின் வயதைக் கணிக்கும் முறையை யூடியூப் 2025-ல் அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. அங்கே முடிவது இங்கே முடியாமல் போகாது. இதுவும் வேவு பார்ப்பது போலாகாதா என்ற ஆட்சேபம் சரியானதே. ஆனால் தைலம் விற்க இப்போது நடக்கிற வேவை, விற்காமல் இருக்கவும் கொஞ்சம் பயன்படுத்தச் சொல்வதில் புதிதாகப் போவது அதிகமில்லை.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்குக்கே இடமில்லை என்றது. பெற்றோர் சம்மதம் செல்லாது; குழந்தைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை; நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அதே மாதம் மதுரைக் கிளையும், அதுபோன்ற சட்டத்தை இந்தியா பரிசீலிக்கலாம் என்றது. மாமா அந்தச் செய்திக்கு இரண்டு கோடு போட்டார். கணக்கில்லாமல் யூடியூப் பார்ப்பதை அங்கேயும் தடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் முகம் கொஞ்சம் மலரும். தயிர் சாதம் பிழைத்தது. இருந்தாலும் ஆதரவை உறுதி செய்வதற்கு முன் ஒரு சந்தேகம் கேட்பார், குரலைத் தாழ்த்தி: “அதுல வாட்ஸ்அப்பும் உண்டோ?” இல்லை, அதற்கு விலக்கு என்றதும் பேனா மூடியைத் திறந்துவிடுவார். “அப்போ பேஷா கொண்டு வரட்டும். திங்கட்கிழமையே மனு குடுத்துடறேன். எல்லா குரூப்புலயும் போட்டுடறேன்.”