மணி போன ஜெர்மனி

என் மனைவிக்கு பெர்லினில் வேலை கிடைத்ததும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "மணியை என்ன செய்வது?" என்பதுதான். என்னை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. மணி எங்கள் நாய். தெருவில் பிறந்து, மழைக்கு எங்கள் வாசலில் ஒண்டி, மெல்ல மெல்ல என் ஈஸிசேர் வரைக்கும் முன்னேறியவன்.

"அவனுக்கும் ஒரு டிக்கெட் போட்டால் தீர்ந்தது" என்றேன் பெரிய மனுஷத் தோரணையில். கால்நடை டாக்டர் சிரித்தார். நம் நாட்டிலிருந்து ஐரோப்பா போகும் நாய்க்கு முதலில் தோலுக்கடியில் சிப் வைக்க வேண்டுமாம். வெறிநோய்த் தடுப்பூசி அதற்கப்புறம்தான். சிப்புக்கு முன்னால் போட்டது எதுவும் கணக்கில் வராது. வருஷா வருஷம் அவனைக் கட்டிப்பிடித்து, உடம்பெல்லாம் பிறாண்டல் வாங்கி, நான் போட்டு வந்த ஊசியெல்லாம் காந்தி கணக்கு! சிப்பில் 15 இலக்க எண். என் ஆதாருக்கே 12தான்.

ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்பு மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருந்தால் பாஸ். பாஸானாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் பொறுத்துத்தான் உள்ளே விடுவார்கள். நான் விசாவுக்கு நின்றுகொண்டிருந்தபோதே மணியின் ரத்தம் வெளிநாடு போய்ச் சேர்ந்து, பரீட்சையில் தேறியும் விட்டது. எங்கள் குடும்பத்தில் முதல் தடவையிலேயே பாஸான ஆண்பிள்ளை அவன்தான்.

அடுத்தது கூண்டு. நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், வசதியாகப் படுக்கவும் அதில் இடம் இருக்க வேண்டும் என்பது விமான விதி. வாங்கி வந்தால் போதாது, பழக்கவும் வேண்டும். பழைய போர்வையை விரித்து, பிஸ்கட் வைத்து, "வாடா ராஜா" என்று கெஞ்சினேன். மசியவில்லை. செய்து காட்டினால் புரிந்துகொள்வான் என்று நானே தவழ்ந்து நுழைந்தேன். தோள் வரை தாராளம், இடுப்பு மாட்டிக்கொண்டது. மணி பின்பக்கமாக வந்து, என் உள்ளங்காலை நிதானமாக மோந்து பார்த்துவிட்டு, ஈஸிசேரில் ஏறிப் படுத்துவிட்டான். மகள் என்னை இழுப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், மாமனார் பார்க்கும்படி, "அப்பா பழகிவிட்டார்" என்ற குறிப்போடு அது இன்னும் இருக்கிறது.

பயணத்தன்று அவன் சரக்குப் பகுதியில் கால் நீட்டிப் படுத்து வந்தான். நான் நடு இருக்கையில். நிற்க, திரும்ப, படுக்க எனக்கென்று ஒரு விதியும் இல்லை.

பெர்லின் போனால் விடிந்துவிடும் என்று பார்த்தால், அங்கே நாய்க்கு வரி. முதல் நாய்க்கு வருஷத்துக்கு 120 யூரோ. 2022 முதல் ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது: நாயை வெளியே போதுமான அளவு நடமாட விட வேண்டும், வளர்ப்பவர் தினமும் பல தடவை அதோடு நேரம் செலவிட வேண்டும், மற்ற நாய்களோடு பழக விட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூடப் புருஷனுக்குச் சொல்லப்படவில்லை.

ஆகவே, நாயோடு கடல் கடக்க நினைப்பவர்களே, சிப் முதலில், ஊசி அப்புறம். அரை வருஷம் கையில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். வீட்டுக்காரரின் காகிதங்களைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.