நம்பர் நம்மோடு வரும்!

கேள்வி: வருஷக்கணக்காக ஒரே நம்பர். போன் பில்லோ எகிறுகிறது. மலிவான கம்பெனிக்கு மாறினால் நம்பர் போய்விடுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: போகாது. 2011 ஜனவரியிலிருந்தே நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. நீங்கள்தான் விசுவாசத்தைக் கொட்டியிருக்கிறீர்கள்! ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று டைப் அடித்து, இடம் விட்டு நம்பரைப் போட்டு, 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எட்டெழுத்துக் குறியீடு வரும். நம் பக்கம் அதற்கு ஆயுள் நாலே நாள். அதற்குள் ஆதாரோடு புதுக் கம்பெனி கடைக்குப் போங்கள். பில் பாக்கி இருந்தால் நகர முடியாது. ப்ரீபெய்டு என்றால் மிச்சப் பேலன்ஸுக்கு முழுக்கு.

நடுவில் பழைய கம்பெனியிலிருந்து தேனொழுகப் போன் வரலாம். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு கிளம்பினால்தானே மாமனார் பெட்டியிலிருந்து மோதிரம் வெளியே வரும்! எதற்கும் புது சிம்முக்கு உங்கள் தெருவில் டவர் எடுக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் விசாரியுங்கள். மாறிவிட்டால் 90 நாளைக்கு வேறு போக்கிடம் கிடையாது. மொட்டைமாடியில் நின்றுதான் பேச வேண்டும்.